போலியைப் பிடிப்பது யாருக்காக?

பெரும்போகம் ஒன்றின்போது சம்மாந்துறைப் பக்கத்து வட்டை ஒன்றுக்குப் போயிருந்தோம். இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்து வேளாண்மை செய்த ஒரு குடும்பத்தைப் பார்ப்பதற்காகவே அந்தப் பயணம். அவர்களுக்கு ஒரு காலத்தில் சொந்தக் காணி இருந்தது. 1990 ஆம் ஆண்டின் வன்செயல்களில் அதை விட்டு ஓடி வந்தார்கள். கரையோரத்தில் ஒரு வீட்டைக் கட்டினார்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் அந்த வீட்டையும் எடுத்துக்கொண்டது. இப்போது மற்றவரின் வயலில், கடைக்காரரின் கடனில், அவர்களது சீவியம் நடக்கிறது.

வரம்பில் நின்று பார்த்தோம். நெல்லை விடக் களையே உயர்ந்து நின்றது. வீட்டுக்காரப் பெண்மணி ஒரு வெறும் போத்தலைக் கொண்டுவந்து காட்டினார். "ஃபாதர், இந்த மருந்த ரெண்டு தரம் அடிச்சம். களை சாகல்ல, நாங்கதான் செத்தம்" என்றார்.

போத்தலை வாங்கிப் பார்த்தோம். பெயர் பெற்ற ஒரு களைநாசினியின் படம் அதில் இருந்தது. ஆனால் எழுத்துக்கள் மங்கிக் கலைந்திருந்தன. பதிவு இலக்கம் இல்லை. தமிழில் ஓர் எழுத்தும் இல்லை. மூடியில் வேறொரு கம்பனியின் பெயர். வாங்கிய கடையில் முறையிட்டபோது, "தண்ணி வடிக்காம அடிச்சா மருந்து எப்படிப் பிடிக்கும்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம். இதில் எம்மை வருத்தியது வேறொன்று. அந்தக் குடும்பத்தின் தலைவர் கடைக்காரரின் கூற்றை நம்பிவிட்டார். பிழை தன்னுடையதே என்று எண்ணி, தண்ணீர் கட்டிய நாளையும் மருந்தடித்த நேரத்தையும் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போலிப் பொருளின் மிகப்பெரிய பலம் இதுதான். போலி மணிக்கூடு நின்றுவிட்டால் அது போலி என்று உடனே தெரிந்துவிடும். போலி மருந்து பலிக்காவிட்டால் வானம், தண்ணீர், பூச்சி, விவசாயியின் கை என்று எத்தனையோ காரணங்கள் முன்னே வந்து நிற்கும். ஏமாற்றியவர் பின்னால் மறைந்து கொள்வார்.

போலிப் பொருட்களை ஒழிப்பது பற்றி இன்று எல்லோரும் பேசுகிறார்கள். அரசாங்கங்கள் பேசுகின்றன, கம்பனிகள் பேசுகின்றன, வெளிநாட்டுத் தூதரகங்கள் பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றன. நாமும் ஒழிக்க வேண்டும் என்றே சொல்கிறோம். ஆனால் ஒரு கேள்வியை முதலில் கேட்டாக வேண்டும். போலியைப் பிடிப்பது யாருக்காக?

சட்டம் யாரைப் பார்க்கிறது?

எமது நாட்டில் இதற்கென ஒரு சட்டம் உண்டு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் என்பது அதன் பெயர். அதற்கு முன் 1979 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. புதிய சட்டம் எமது வயல்களிலிருந்து எழுந்த கோரிக்கையால் வந்ததல்ல. 1991 இல் அமெரிக்காவுடன் இலங்கை ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. 1995 சனவரி முதலாம் திகதி உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது அதனோடு ட்ரிப்ஸ் என்னும் புலமைச் சொத்து உடன்படிக்கையும் வந்தது. அந்தக் கடமைகளை நிறைவேற்றுவதே 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கிய நோக்கமாய் இருந்தது.

சட்டம் சொல்வது சுருக்கமாக இதுதான். ஒருவர் தமது பொருளுக்கு ஒரு குறியைப் பதிவு செய்தால் அது பத்து வருடங்களுக்கு அவருக்கே உரியது. மேலும் மேலும் புதுப்பிக்கலாம். ஒரு புதிய கண்டுபிடிப்புக்கு ஆக்கவுரிமை பெற்றால் இருபது வருடங்களுக்கு அதை வேறெவரும் அனுமதியின்றிச் செய்து விற்க முடியாது. எழுத்துக்கும் பாட்டுக்கும் படத்துக்கும் ஆக்கியவரின் வாழ்நாளும் அதன்பின் எழுபது வருடங்களும் பாதுகாப்பு. பொய்க் குறி இட்டு விற்பவருக்குத் தண்டப்பணமும் சிறைத்தண்டனையும் விதிக்க இடமுண்டு. சுங்கப் பகுதியினர் போலிப் பொருட்களைத் துறைமுகத்திலேயே தடுத்து வைக்கலாம்.

இவற்றில் நாம் குறைகாண வரவில்லை. தன் உழைப்பால் நற்பெயர் தேடியவரின் பெயரை இன்னொருவர் திருடுவது களவுதான். அளவையில் மோசம் செய்வதைக் குர்ஆனும் விவிலியமும் ஒரே குரலில் கண்டிக்கின்றன. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சட்டத்தின் கண்ணில் பொருள் பறிகொடுத்தவர் குறியின் சொந்தக்காரர். தடையுத்தரவு கேட்பவரும் நட்டஈடு பெறுபவரும் அவரே. அதற்கான வழக்கும் கொழும்பிலுள்ள வணிக மேல் நீதிமன்றத்தில் நடக்கும். கல்முனையிலிருந்து ஓரிரவு பஸ் பயணம். போலி மருந்தால் கம்பனி இழந்தது ஒரு போத்தலின் இலாபம். அந்தக் குடும்பம் இழந்தது ஒரு போகம். அந்தப் போகத்தின் கணக்கு எந்த வழக்கேட்டிலும் ஏறுவதில்லை.

ஆகவே சட்டத்தை அமுல்படுத்துவோர் எங்கே போகிறார்கள் என்பதையும் பாருங்கள். குறியின் சொந்தக்காரர் முறையிடும் இடத்துக்கே போகிறார்கள். விலையுயர்ந்த சப்பாத்து, சேட், கைப்பை, கைத்தொலைபேசி என்று செய்திகளில் படம் வருகிறது. நடைபாதையில் சீடி விற்ற பையனைப் பிடித்ததும் ஒரு காலத்தில் பெரிய செய்தியாயிருந்தது. விதைப்புக் காலத்துக்கு முன் எமது ஊர்களின் மருந்துக் கடைகளில் எத்தனை தடவை சோதனை நடக்கிறது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

இடம்பெயர்ந்தவரிடமே போலி முதலில் வருகிறது

போலி எல்லோரிடமும் ஒரே அளவில் வருவதில்லை. சொந்த வயலும் கையில் காசும் உள்ளவர் நல்ல கடையைத் தேடிப் போவார். சந்தேகம் வந்தால் திருப்பிக் கொடுப்பார். இடம்பெயர்ந்து வந்தவருக்கு அந்த வசதி கிடையாது. நாம் பல முகாம்களிலும் மீள்குடியேற்றக் கிராமங்களிலும் கண்ட காரணங்கள் மூன்று.

முதலாவது கடன். அறுவடைக்குப் பின் தருவதாகச் சொல்லி விதையும் பசளையும் மருந்தும் ஒரே கடையில் எடுக்க வேண்டியிருக்கிறது. கடன் தருபவர் தருவதைத்தான் எடுக்கலாம். பற்றுச்சீட்டுக் கேட்டால் அடுத்த தரம் கடன் இல்லை. பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் முறைப்பாடு இல்லை.

இரண்டாவது பதிவு. குத்தகைக்குச் செய்பவரின் பெயர் பெரும்பாலும் கமநல சேவை நிலையத்தின் ஏட்டில் இருப்பதில்லை. காணிச் சொந்தக்காரரின் பெயரே இருக்கும். மானியப் பசளை அந்தப் பெயருக்கே போகும். வயலில் நிற்பவர் வெளிச்சந்தையில், கைமாறிக் கைமாறி வந்த பையை வாங்க வேண்டும். பை மாற்றிக் கட்டப்பட்டதா என்று அவர் எப்படி அறிவார்?

மூன்றாவது விதை. ஊரில் இருந்தபோது ஒவ்வொரு வீட்டிலும் விதைநெல் இருந்தது. எந்த வயலின் நெல் விதைக்கு உதவும் என்று வட்டைக்குள் எல்லோருக்கும் தெரியும். ஓடி வந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விதைநெல்லைத் தூக்கிவர முடியவில்லை. அதனால் பையில் அடைத்து வருவதை நம்ப வேண்டியவர்களானார்கள்.

பற்றாக்குறை வரும்போது இந்த நிலை இன்னும் மோசமாகிறது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளைகளினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதியை அரசாங்கம் திடீரென்று தடை செய்தது. அதே வருடம் நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆனால் அதற்கிடையில் ஒரு பெரும்போகம் தொடங்கிவிட்டது. அறக்கொட்டியான் வந்த வயலைப் பார்த்துக்கொண்டு எந்த விவசாயியும் சும்மா இருக்க மாட்டார். கிடைத்ததை, கேட்ட விலைக்கு வாங்கினார்கள். கடல் வழியாகக் களவாக வந்த போத்தல்களும் உலவின. அவற்றில் சில உண்மையான மருந்தாகவும் இருந்திருக்கலாம். ஆனாலும் இந்த நாட்டில் பதிவு பெறாத, எந்த அளவில் கலக்க வேண்டும் என்று எமது மொழியில் எழுதப்படாத மருந்து, அடிப்பவரின் உடலுக்கும் ஆபத்து, வயலுக்கும் ஆபத்து.

இங்கேதான் வேறொரு சட்டத்தை நினைவுபடுத்த விரும்புகிறோம். 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்படாத எந்த மருந்தையும் விற்க முடியாது. பீடைகொல்லிப் பதிவாளர் ஒருவர் இருக்கிறார். விற்பவருக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். இந்தச் சட்டம் குறியின் சொந்தக்காரரைப் பார்ப்பதில்லை; போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிறது. எமது மக்களுக்கு உண்மையில் பயன்படுவது இதுவே.

பிரதி வேறு, போலி வேறு

பேச்சில் நாம் எல்லாவற்றையும் போலி என்று ஒரே கூடைக்குள் போட்டுவிடுகிறோம். அப்படிப் போடுவதால் இலாபம் அடைகிறவர்கள் பெரியவர்களே. ஓர் உதாரணம் சொல்கிறோம்.

2008 டிசம்பரில், இந்தியாவில் செய்யப்பட்டுப் பிரேசில் நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த லொசாட்டன் என்னும் இரத்த அழுத்த மருந்தை நெதர்லாந்தின் சுங்கப் பகுதியினர் வழியில் தடுத்து வைத்தார்கள். அந்த மருந்தில் கலப்படம் இல்லை. பொய்ப் பெயரும் இல்லை. இந்தியாவிலும் பிரேசிலிலும் அதற்கு ஆக்கவுரிமைத் தடையும் இல்லை. நெதர்லாந்தில் ஒருவருக்கு உரிமை உண்டு என்பதே காரணம். வேறு நாட்டு ஏழை நோயாளருக்குப் போன மருந்து இடைவழியில் நின்றது. இந்தியாவும் பிரேசிலும் 2010 இல் இதை உலக வர்த்தக அமைப்பின் முன் கொண்டுசென்றன.

நோயாளியைக் கொல்லும் பொய் மருந்து வேறு. அதே குணத்தைக் குறைந்த விலையில் தரும் மருந்து வேறு. இந்த வேறுபாட்டை இலங்கையர் எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பேராசிரியர் சேனக பிபிலே அவர்கள் 1971 இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் மூலம் காட்டிய வழி அதுதான். கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரில் வாங்கினால் ஏழைக்கும் மருந்து எட்டும் என்று அவர் நிறுவினார்.

நடைபாதையில் மலிவாய் விற்கும் சேட்டைப் பற்றியும் இதே நியாயத்தோடு பேசுவோம். வாங்குபவருக்கு அது பிரதி என்று தெரியும்; விலையிலேயே தெரியும். அதனால் அது சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. பாட்டெழுதியவருக்கும் பாடியவருக்கும் படமெடுத்தவருக்கும் உழைப்பின் கூலி கிடைக்காமற் போவது அநீதி. எமது மண்ணின் கலைஞர்களும் அந்த அநீதியை அனுபவித்திருக்கிறார்கள். ஆனால் பொலிஸாரிடம் ஒரு ஜீப்பும் ஒரு பகலும் மட்டுமே உண்டென்றால் அவர்கள் எங்கே முதலில் போக வேண்டும்? வாங்கியவர் அறிந்தே வாங்கிய சேட்டுக் கடைக்கா, அறியாமல் வாங்கியவரின் போகத்தையே அழித்த மருந்துக் கடைக்கா? இந்த வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறோம்.

விதையில் யார் திருடர்?

விதை விடயத்தில் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆலையில் கிடந்த சாதாரண நெல்லைப் பையில் அடைத்து, அத்தாட்சிப்படுத்தப்பட்ட விதை என்று சீட்டுக் கட்டி விற்பவர் போலிக்காரர். அந்தப் பையோடு களைநெல்லும் வயலுக்குள் வந்துவிடுகிறது. நெல்லுக்குள் நெல்லாய் முளைத்து, முற்றுமுன்னே உதிர்ந்து விழுந்து, அடுத்த போகத்துக்கும் கிடக்கும் அந்தக் களையை எந்த மருந்தாலும் தனியே சாகடிக்க முடியாது, அதுவும் நெல்தானே! ஒரு தடவை ஏமாந்தால் பல போகங்களுக்குத் துன்பம். 2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டம் இத்தகைய ஏமாற்றைத் தடுக்க வந்தது.

ஆனால் பக்கத்து வயற்காரர் தன் அறுவடையில் நல்லதாய்ப் பார்த்து, "இந்தா, இதை விதையுங்க" என்று இடம்பெயர்ந்து வந்தவருக்கு இரண்டு மரைக்கால் நெல் கொடுத்தால், அவர் திருடரல்லர். நாம் விதைக்கும் பீஜீ, ஏட்டீ இனங்கள் பத்தலகொடையிலும் அம்பலாந்தோட்டையிலும் உள்ள அரசாங்க ஆராய்ச்சி நிலையங்களில் மக்கள் பணத்தில் உருவானவை. எமது புலமைச் சொத்துச் சட்டமும் பயிர்களுக்கு ஆக்கவுரிமை வழங்குவதில்லை என்று 62 ஆம் பிரிவில் சொல்லுகிறது.

இந்த நிலை என்றும் இருக்கும் என்று நிம்மதியாய் இருந்துவிட முடியாது. புதிய பயிரினங்களுக்குத் தனி உரிமை வழங்கும் சட்ட வரைவுகள் எமது நாட்டிலும் எழுதப்பட்டுள்ளன. அப்படியொரு சட்டம் வரும்போது என்ன நடக்கலாம் என்பதை அயல்நாட்டில் பாருங்கள். 2019 இல் இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்ட சிறு விவசாயிகள் சிலர் மீது பெப்சிகோ கம்பனி வழக்குத் தொடுத்தது. தான் பதிவு செய்த எஃப்.எல். 2027 என்னும் இனத்தை அனுமதியின்றிப் பயிரிட்டதாகக் குற்றச்சாட்டு. நால்வரிடம் ஆளுக்கு ஒரு கோடி ரூபாவுக்கு மேல் நட்டஈடு கேட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அதே வருடம் மே மாதத்தில் கம்பனி வழக்குகளை மீளப் பெற்றது.

அந்த விவசாயிகளுக்குக் கைகொடுத்தது ஒரு சட்டப் பிரிவு. இந்தியாவின் 2001 ஆம் ஆண்டுப் பயிரினப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39 ஆம் பிரிவு, விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் பகிரவும் விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. கம்பனிப் பெயர் அச்சிட்ட விதையாக விற்பதை மட்டும் அது தடுக்கிறது. எவ்வளவு நேர்மையான எல்லைக்கோடு! விதை எல்லோருக்கும் உரியது. மற்றவரின் பெயரை ஒட்டிப் பொய் சொல்லி விற்பதே குற்றம். கம்பனியின் பதிவு 2021 டிசம்பரில் இரத்துச் செய்யப்பட்டதும், 2024 சனவரியில் தில்லி மேல் நீதிமன்றம் அந்த இரத்தைத் தள்ளுபடி செய்ததும் பின்கதை. பெரியவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை என்பதற்கு அதுவும் சாட்சி.

பெரியவர்களும் திருடுவதுண்டு. நெல் சேமிக்கும் இடத்தில் வேப்பிலை போடுவது எமது மூதாதையர் வழக்கம். வேப்பெண்ணெயால் பயிரின் பூஞ்சணத்தைத் தடுக்கும் முறைக்கு டபிள்யூ.ஆர். கிரேஸ் கம்பனியும் அமெரிக்க விவசாயத் திணைக்களமும் 1994 இல் ஐரோப்பாவில் ஆக்கவுரிமை பெற்றன. எதிர்த்துப் போராடியதால் 2000 இல் அது நீக்கப்பட்டது. மேன்முறையீடும் 2005 இல் தள்ளுபடியானது. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995 இல் அமெரிக்காவில் கொடுக்கப்பட்ட ஆக்கவுரிமையும் 1997 இல் இரத்தாயிற்று. எமது பாட்டிமாரின் அறிவுக்கு எந்த அலுவலகத்திலும் பதிவு இல்லாதபடியால், அது எமதென்று காட்டுவதற்கு இத்தனை வருடங்கள் போராட வேண்டியிருந்தது.

மருதமுனையின் தறிகள்

எமது கரையோரத்தில் இச்சட்டம் எமக்கே உதவக்கூடிய ஓர் இடமும் உண்டு. கல்முனைக்கு வடக்கே மருதமுனை. கைத்தறி என்றால் நாடறிந்த ஊர். இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த எழுபதுகளில் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம் கேட்ட ஊர் என்று முதியவர்கள் சொல்வார்கள். 1977 இன் திறந்த பொருளாதாரத்தோடு மலிவுத் துணி வந்து குவிந்தது. 2004 சுனாமி தறிகளையும் நூலையும் வாரிக்கொண்டு போனது. வயலை இழந்த பல குடும்பங்களுக்கு, விசேடமாகப் பெண்களுக்கு, தறியே இரண்டாவது வயல். அதையும் பல கைகள் விட்டுவிட்டன.

மிஞ்சி நிற்பவர்கள் நாளெல்லாம் மிதித்து ஒரு சாரத்தை நெய்கிறார்கள். விசைத்தறியில் ஓடி இறங்கிய துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பதைக் கடைகளில் நாமே கண்டிருக்கிறோம். அந்தப் பொய்யால் யாருடைய சோறு பறிபோகிறது? இங்கே குறி வேண்டும். சட்டம் வேண்டும். அதை நாமே கேட்க வேண்டும்.

தேயிலையைப் பாருங்கள். இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை பல நாடுகளில் பதிவு பெற்றது. இங்கேயே பொதி செய்த தூய இலங்கைத் தேயிலைக்கு மட்டுமே அதை இடலாம். இலங்கைக் கறுவா 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவியியற் குறியீடாகப் பதிவானது. அதே வருடம் 8 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் எமது நாட்டிலேயே அத்தகைய குறியீடுகளைப் பதிவு செய்யும் வழி திறந்தது. இது தவிர, ஒரு சங்கம் தன் அங்கத்தவர் எல்லோருக்குமாகக் கூட்டுக் குறி ஒன்றைப் பதிவு செய்யவும் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமிருக்கிறது. மருதமுனை நெசவாளர் சங்கங்கள் ஒன்றுகூடினால் இது எட்டாக் கனியல்ல.

ஆனால் பதிவு மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டில் பவானி ஜமக்காளத்துக்குப் புவியியற் குறியீடு கிடைத்துப் பல வருடங்கள் ஆகின்றன. 1985 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சில துணி வகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியும் இருக்கிறது. அப்படியிருந்தும் சோலாப்பூரின் விசைத்தறி விரிப்புகள் பவானிப் பெயரில் விற்பனையாகின்றன என்று அந்த நெசவாளர்கள் முறையிட்டு வருகிறார்கள். குறி எழுதிய தாளைச் சுவரில் மாட்டிவிட்டு இருந்தால் தறி ஓடாது. கடைகளைப் பரிசோதிக்கும் அதிகாரியும், பொய்யைக் காட்டிக்கொடுக்கும் வாங்குநரும், விடாமல் முறையிடும் சங்கமும் சேர வேண்டும்.

நாம் கேட்பவை

அதிகாரத்தில் உள்ளோரிடம் நாம் கேட்பவை அதிகமல்ல. ஒவ்வொரு விதைப்புக்கு முன்பும் அம்பாறைக் கரையோரத்தின் விதை, பசளை, மருந்துக் கடைகளைச் சோதிக்க வேண்டும். சந்தேகமான மருந்தைப் பரிசோதிக்கும் வசதி கிழக்கு மாகாணத்துக்குள் கிடைக்க வேண்டும். போலிப் பொருள் வழக்கில் குற்றவாளி காணப்படுபவர், குறியின் சொந்தக்காரருக்கு மட்டுமல்ல, பயிர் இழந்தவருக்கும் நட்டஈடு கொடுக்க வேண்டும். குத்தகைக்குச் செய்பவரின் முறைப்பாட்டையும் கமநல சேவை நிலையம் ஏற்றுப் பதிய வேண்டும். பயிரினச் சட்டம் எதுவும் வருமானால் விதையைச் சேமித்துப் பகிரும் உரிமை அதில் தெளிவாய் எழுதப்பட வேண்டும்.

எமது பக்கத்தில் செய்ய வேண்டியவையும் உண்டு. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. தனியே கேட்டால் கடன் போய்விடும் என்ற பயம் எமக்குத் தெரியும். ஆகவே தனியே கேட்காதீர்கள். வட்டைக்குள் எல்லோரும் ஒரே நாளில் கேளுங்கள். இருபது பேரின் கணக்கை எந்த முதலாளியும் வேண்டாமென்று சொல்ல மாட்டார்.

மருந்து பலிக்காவிட்டால் போத்தலை எறியாமல் அடியிலுள்ள மிச்சத்தோடு மூடி வையுங்கள். விவசாயப் போதனாசிரியரை வயலுக்குக் கூட்டிவந்து காட்டுங்கள். நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். ஆனால் வாங்கிய மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடுவது அவசியம். நல்ல போத்தல் வெறுமையானதும் மூன்று தரம் கழுவி, கழுவிய தண்ணீரைத் தெளிதாங்கிக்குள்ளேயே ஊற்றி, போத்தலில் துளையிட்டு விடுங்கள். பழைய போத்தல் சேர்ப்பவரிடம் முழுதாய்க் கொடுத்தால் அது போலி மருந்தோடு எமது வயலுக்கே திரும்பி வரலாம்.

விதைநெல் வாங்கினால் நூறு மணிகளை எண்ணி ஈரச்சாக்கில் சுற்றி வைத்து முளையைப் பாருங்கள். எண்பதுக்குக் குறைந்தால் அந்தப் பையை வயலுக்குக் கொண்டு போகாதீர்கள். அதைவிட நல்லது, ஒவ்வொரு குடியேற்றக் கிராமத்திலும் ஒரு பொது விதைப் பட்டறையை மீண்டும் தொடங்குவது. அறுவடையில் ஒவ்வொரு குடும்பமும் களைநெல் இல்லாத இடத்தில் பார்த்து எடுத்த ஒரு மரைக்கால் கொடுத்தால் போதும்.

அந்தப் பெண்மணி காட்டிய போத்தலுக்குள் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பற்றுச்சீட்டு இல்லை. போதனாசிரியர் வந்து பார்த்தார். கடையின் பெயரைக் கேட்டார். குடும்பத் தலைவர் எங்களைப் பார்த்தார், பிறகு வயலைப் பார்த்தார், பெயரைச் சொல்லவில்லை. அடுத்த போகத்துக்கும் அதே கடையில்தான் கடன் எடுக்க வேண்டும். அவரைக் கோழை என்று சொல்ல எமக்கு மனம் வராது. அவர் தனியே நின்றார் என்பதுதான் உண்மை. அடுத்த தரம் அவரோடு நிற்கப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பதே எமது கேள்வி.

கூடிப் பேசுவதற்கு:

1. எமது கிராமத்தில் கடந்த இரண்டு போகங்களில் பலிக்காத மருந்தோ முளைக்காத விதையோ வாங்கியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் முறையிட்டவர் உண்டா? இல்லையென்றால் ஏன்?

2. கடனை இழக்காமல் பற்றுச்சீட்டுப் பெற எமது விவசாயச் சங்கம் என்ன செய்யலாம்?

3. பொது விதைப் பட்டறைக்கு இடமும் பொறுப்பாளரும் எமது கிராமத்தில் கிடைப்பார்களா?